பாடபேதமும் கணினியும்: பிரதி ஒப்பீட்டு மென்பொருள் பற்றிய ஒரு நோக்கு

இரண்டு பிரதிகளை அருகருகே வைத்து, ஒன்று மற்றையதிலிருந்து எவ்வெவ்விடங்களில் வேறுபடுகின்றதெனக் காண்பது இலக்கிய ஆய்வாளருக்கு நன்கு பழகிய பணியாகும். பதிப்புத்துறையிலே இது பாடபேதம் காணல் எனப்படும். சி. வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையையும், உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியையும் பதிப்பித்த 1887 ஆம் ஆண்டிலே இப்பணிக்குக் கண்ணும் கையும் நினைவாற்றலுமே கருவிகளாக இருந்தன. ஒருவர் ஏட்டை வாசிக்க, மற்றொருவர் வேறோர் ஏட்டுடன் ஒப்புநோக்க, வேறுபாடுகள் ஒவ்வொன்றாகக் குறிக்கப்பட்டன. இன்று அதே பணியின் ஒரு பகுதியைக் கணினி கண்ணிமைக்கும் பொழுதில் முடித்துவிடுகின்றது.

கணினி இதனை எவ்வாறு செய்கின்றது, எத்தகைய சமூகத் தேவைகளிலிருந்து இக்கருவி தோன்றிற்று, தமிழ்ப் பிரதிகளை அதன் கையில் ஒப்படைக்கும்போது நாம் எதில் விழிப்பாயிருத்தல் வேண்டும் என்பனவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுவது, 2006 ஆம் ஆண்டு கூகிள் நிறுவனத்திலே நீல் பிரேசர் என்பவரால் உருவாக்கப்பட்ட 'டிஃப்-மட்ச்-பட்ச்' என்னும் நிரல் நூலகமாகும். நிரல் நூலகம் என்பது, வேறு நிரல்களை எழுதுவோர் தமது தேவைக்கு எடுத்துப் பயன்படுத்தத்தக்கதாக ஆக்கிவைக்கப்பட்ட செயன்முறைகளின் தொகுதி. இந்நூலகம் ஒப்பிடல், பொருந்தும் இடம் தேடல், திருத்தத்தை ஒட்டுதல் என்னும் மூன்று தொழில்களை ஆற்றுகின்றது. அதன் பெயரும் அம்மூன்றையுமே சுட்டுகின்றது.

1. வினாவின் தோற்றம்

ஒரு பிரதியை மற்றொன்றாக மாற்றுவதற்குக் குறைந்தது எத்தனை திருத்தங்கள் வேண்டும்? இதுவே அடிப்படை வினா. 1965 ஆம் ஆண்டு சோவியத் கணிதவியலாளரான விளாதிமிர் லெவென்ஷ்டைன், செய்தி அனுப்பும்போது குறிகள் விடுபடுதல், புகுதல், மாறுதல் ஆகிய பிழைகளைத் திருத்தவல்ல குறியீடுகளை ஆராய்ந்தார். இரு குறித்தொடர்களுக்கிடையிலான 'தூரம்' என்ற கருத்து இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. 1968 இலே சோவியத் உக்ரேனில் வின்த்சியுக் என்பார் பேச்சொலியை யந்திரம் இனங்காண்பதற்கான ஆய்வில் இதனையொத்த முறையொன்றை வகுத்தார். 1970 இலே நீடில்மன், வுன்ஷ் என்னும் இருவர் புரதங்களின் அமினோ அமில வரிசைகளை ஒப்பிடுதற்கு இதே வழியைக் கண்டனர். 1974 இலே வாக்னரும் பிஷரும் எழுத்துத் தொடர்களைத் திருத்தும் கணினிப் பிரச்சினையாக அதனை வெளியிட்டனர்.

தொலைத்தொடர்பு, பேச்சொலி, உயிரியல், கணினி எனத் துறைகள் வெவ்வேறாயினும், ஏறத்தாழ ஒரு தசாப்தத்துக்குள் விடை ஒன்றாகவே அமைந்தமை தற்செயலன்று. தனிமனித மேதைமையைக் கொண்டு மாத்திரம் இதனை விளக்கிவிட முடியாது. இரண்டாம் உலக யுத்தத்தின் பின்னர் செய்தியும் தரவும் பெருந்தொகையாக உற்பத்தி செய்யப்பட்டு, யந்திரங்களின் மூலம் கையாளப்படவேண்டிய நிலை பல நாடுகளிலே ஒருங்கே தோன்றியிருந்தது. சமூக வாழ்வு எழுப்பிய வினாவுக்கே அறிஞர்கள் தத்தம் துறைகளில் நின்று விடை கண்டனர்.

2. ஒப்பீடு நிகழும் முறை

'மலையகம்', 'மலையாளம்' என்னும் இரு சொற்களை எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் ஐந்தைந்து எழுத்துக்கள் உள்ளன. வரிசை பிறழாமல் இரண்டிலும் பொதுவாக வரும் எழுத்துக்கள் ம, லை, ம் என்னும் மூன்று. ஆகவே முதற்சொல்லில் ய, க என்பனவற்றை நீக்கி, யா, ள என்பனவற்றைச் சேர்த்தால் இரண்டாவது சொல் கிடைக்கும். நீக்கல் இரண்டு, சேர்த்தல் இரண்டு, ஆக நான்கு திருத்தங்கள். மிக நீண்ட பொதுத்தொடரைக் கண்டுவிட்டால், எஞ்சியது வேறுபாடு. ஒப்பீட்டு நிரல்களின் அடிப்படை இவ்வளவே.

சிறு சொற்களுக்கு இதனைக் கையாலேயே செய்யலாம். பெரும் பிரதிகளிலோ பிரச்சினை வேறு பரிமாணம் பெறுகின்றது. ஒவ்வோர் எழுத்தையும் மற்றைய பிரதியின் ஒவ்வோர் எழுத்துடனும் அட்டவணையிட்டு ஒப்பிடுவதாயின், 10,000 எழுத்துக்கள் கொண்ட இரு பிரதிகளுக்கு அட்டவணையில் 10 கோடி கட்டங்கள் வேண்டப்படும். அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திலே டக்ளஸ் மக்கில்ரோய், ஜேம்ஸ் ஹன்ட் ஆகியோரின் முயற்சியால் உருவாகி, 1974 இலே யூனிக்ஸ் இயக்குதளத்துடன் வெளிவந்த 'டிஃப்' என்னும் நிரல், ஒப்பீட்டின் அலகாக எழுத்தையன்றி வரியைக் கொண்டது. நிரல்கள் வரிவரியாக எழுதப்படுவன ஆதலின் அத்தொழிலுக்கு அது பொருந்திற்று. கணக்கும் பெருமளவு குறைந்தது.

1986 இலே யூஜின் மயர்ஸ் வெளியிட்ட முறை மற்றொரு படி முன்னேற்றமாகும். ஒரு கட்டமைப்பில் மேலிருந்து கீழாக ஒரு பிரதியையும், இடமிருந்து வலமாக மற்றையதையும் எழுதிவிட்டு, மேல்மூலையிலிருந்து எதிர்மூலைக்குச் செல்லும் வழியைத் தேடுவதாக அவர் இப்பிரச்சினையை வகுத்தார். கிடையாகச் செல்வது நீக்கல், நிலையாகச் செல்வது சேர்த்தல், எழுத்து ஒத்துவருமிடத்துக் குறுக்காகச் செல்வது செலவில்லாப் பயணம். முதலில் திருத்தமெதுவுமின்றி எவ்வளவு தூரம் செல்லலாம், பின்னர் ஒரு திருத்தத்தோடு எவ்வளவு தூரம், இரண்டோடு எவ்வளவு தூரம் எனத் தேடல் படிப்படியாக விரியும். எனவே வேலையின் அளவு பிரதிகளின் நீளத்தையும் வேறுபாடுகளின் தொகையையும் பெருக்கியதற்கு மேற்போவதில்லை. மேற்கூறிய 10,000 எழுத்துப் பிரதிகள் இரண்டுக்கும் இடையில் 20 வேறுபாடுகளே இருப்பின், 10 கோடிக்குப் பதிலாக ஏறத்தாழ 4 இலட்சம் அடிகளுள் விடை கிடைத்துவிடும். ஒன்றையொன்று பெரிதும் ஒத்த பிரதிகளையே நாம் வழக்கமாக ஒப்பிடுகின்றோம் என்ற நடைமுறை உண்மையின் மீது இம்முறை கட்டப்பட்டுள்ளமை மனங்கொள்ளத்தக்கது.

டிஃப்-மட்ச்-பட்ச் நூலகத்தின் ஒப்பீட்டுப் பகுதி மயர்ஸின் முறையையே கையாள்கின்றது. ஆயின் அதனைத் தொடங்குமுன் வேலையைச் சுருக்கும் உபாயங்கள் சில உள. இரு பிரதிகளும் ஒன்றேயாயின் அத்துடன் நின்றுவிடும். தொடக்கத்திலும் முடிவிலும் பொதுவாயுள்ள பகுதிகள் முதலில் ஒதுக்கப்படும். பெரிய பிரதியின் அரைப்பங்குக்குக் குறையாத பொதுத்துண்டு ஒன்று கிடைப்பின், அதன் இருபுறமும் தனித்தனி ஒப்பீடுகளாகப் பிரிக்கப்படும். நீண்ட பிரதிகளில் முதலில் வரிவரியாகவும், பின்னர் மாறிய வரிகளுக்குள் எழுத்தெழுத்தாகவும் ஒப்பீடு நிகழும். இவை எல்லாவற்றுக்கும் காலவரையறையும் உண்டு. வேறு கட்டளை இல்லாவிடின் ஒரு செக்கன் கழிந்ததும் நூலகம் மேலும் தேடாது, அதுவரை கண்டதைக் கொண்டு விடை தரும். அவ்விடை பிழையானதன்று, ஆனால் மிகச் சிறிய விடையாக இருக்கவேண்டுமென்பதில்லை.

3. ஒட்டும் கூட்டுழைப்பும்

வேறுபாட்டைக் காண்பதோடு பணி முடிவதில்லை. கண்ட வேறுபாட்டை மட்டும் தனியே எடுத்து அனுப்பி, மற்றொருவர் கையிலுள்ள பிரதியில் அதனை ஒட்டமுடியுமாயின் முழுப்பிரதியையும் அனுப்பவேண்டியதில்லை. 1985 இலே லரி வோல் வெளியிட்ட 'பட்ச்' என்னும் நிரல் இதனைச் சாத்தியமாக்கிற்று. தொலைபேசிக் கம்பிவழியே மெதுவாகவே தரவு சென்ற அக்காலத்தில், ஒருவரையொருவர் கண்டிராத நிரலாளர்கள் பல நாடுகளில் இருந்தவாறே ஒரே ஆக்கத்தைத் திருத்திச் செம்மைப்படுத்த இது வழி சமைத்தது. திருத்தம் என்பது கைமாறத்தக்க, பரிசீலிக்கத்தக்க, ஏற்கவோ மறுக்கவோ தக்க ஒரு பொருளாயிற்று. கூட்டுழைப்பின் வரலாற்றிலே இதனை ஒரு முக்கிய கட்டமெனலாம்.

இங்கே உடைமையுறவு பற்றியும் நோக்குதல் வேண்டும். பெல் ஆய்வுகூடத்தின் உரிமையாளரான ஏ.ரி. அன்ட் ரி. நிறுவனம், 1956 ஆம் ஆண்டின் நீதிமன்ற இணக்கத்தீர்ப்பினால் தொலைத்தொடர்புக்கு வெளியேயான வணிகத்தில் ஈடுபடமுடியாதிருந்தது. யூனிக்ஸ் அதன் மூலநிரலோடு சிறு கட்டணத்துக்குப் பல்கலைக்கழகங்களைச் சென்றடைந்தமைக்கு நிறுவனத்தின் தாராள மனப்பான்மையன்றி இத்தடையே காரணம். 1984 இலே அந்நிறுவனம் பிரிக்கப்பட்டுத் தடை நீங்கியதும் யூனிக்ஸ் விற்பனைப் பண்டமாயிற்று. பல்கலைக்கழகங்களிலும் ஆய்வுகூடங்களிலும் பலர் சேர்ந்து வளர்த்த கருவி, அவர்களுக்கே விலைப்பொருளாக வந்துசேர்ந்தது. 1983 இலே ரிச்சர்ட் ஸ்ரோல்மன் அறிவித்த குனூ இயக்கம், யூனிக்ஸின் கருவிகளை எவரும் பயன்படுத்தவும் திருத்தவும் பகிரவும் கூடியனவாக மீண்டும் எழுத முற்பட்டது. அவ்வாறு புதிதாக எழுதப்பட்டவற்றுள் டிஃப் நிரலும் ஒன்று.

இதே முரண்பாடு உயிரியலிலும் தோன்றிற்று. மயர்ஸ் 1998 இலே செலெரா என்னும் தனியார் நிறுவனத்திற் சேர்ந்து, மனித மரபணுத்தொகுதியின் துண்டுகளை ஒப்பிட்டு இணைக்கும் பணியில் முதன்மையான பங்கு வகித்தார். பொதுநிதியிலே இயங்கிய ஆய்வுக் குழுக்கள் தமது தரவுகளை உடனுக்குடன் வெளியிட, செலெரா தன் தரவுகளைக் கட்டணம் செலுத்துவோருக்கு வழங்கும் வணிகத்தையே நாடிற்று. ஒப்பிடும் முறை ஒன்றே. அதன் பயன் எவரைச் சேரும் என்பதை அம்முறை தீர்மானிப்பதில்லை.

டிஃப்-மட்ச்-பட்ச்சின் நிலையும் இரட்டைத் தன்மையுடையது. பலர் ஒரே ஆவணத்தை ஒருங்கே திருத்தும் கூகிள் ஆவணச் சேவையின் தேவைக்காக அது எழுதப்பட்டது. பின்னர் தளர்ந்த உரிமத்தின்கீழ் யாவரும் பயன்படுத்த வெளியிடப்பட்டு, ஜாவா, பைதன், சி++, ஜாவாஸ்கிரிப்ட் முதலிய பல நிரல்மொழிகளில் கிடைத்தது. கருவி பொதுவுடைமை போன்றாயிற்று. ஆயின் கருவியின் துணையோடு பல்லாயிரம் பேர் எழுதும் ஆவணங்கள் நிறுவனத்தின் கணினிகளிலேயே குவிந்தன. கருவி இலவசமாகக் கிடைக்கின்றமையை மாத்திரம் கொண்டு உடைமையுறவு மாறிவிட்டதாகக் கொள்ளமுடியாது.

ஒட்டும் தொழில் நிகழும் விதமும் அறியத்தக்கது. திருத்தம் ஒன்று அனுப்பப்பட்டு வந்துசேருமுன் மூலப்பிரதியே மாறியிருக்கலாம். நூலகம் திருத்தத்தோடு அதன் முன்பின் எழுத்துக்கள் சிலவற்றையும் சூழலாகச் சேர்த்துக்கொள்கின்றது. பின்னர், எதிர்பார்த்த இடத்துக்கு அண்மையில், அச்சூழலை முற்றிலும் அல்லது ஏறத்தாழ ஒத்த பகுதியைத் தேடுகின்றது. இரண்டு அளவுகள் இங்கே கூட்டிப் பார்க்கப்படுகின்றன. ஒன்று எழுத்துப்பிழையின் விகிதம், மற்றது எதிர்பார்த்த இடத்திலிருந்து விலகிய தூரம். தொகை வரையறையைத் தாண்டினால் திருத்தம் ஒட்டப்படாது. எது ஒட்டப்பட்டது, எது ஒட்டப்படவில்லை என்பதும் அறிவிக்கப்படும். சிதைந்த ஏட்டிலே ஓரடியின் இடத்தைச் சூழலைக்கொண்டு ஊகிக்கும் பதிப்பாசிரியரின் செயலுக்கு இது ஓரளவு நிகரானது. எனினும் பதிப்பாசிரியர் யாப்பையும் பொருளையும் நோக்குவார். நூலகம் குறிகளின் ஒப்புமையை மாத்திரமே நோக்கும்.

4. தமிழ்ப் பிரதியும் ஒப்பீட்டின் அலகும்

தமிழைப் பொறுத்தவரை பிரச்சினையின் மையம் அலகு பற்றியதாகும். 'மலையகம்', 'மலையாளம்' ஆகிய சொற்களுக்கிடையில் நான்கு திருத்தங்கள் எனக் கண்டோம். கணினியோ மூன்று என்றே கூறும். ஒருங்குறி முறையிலே உயிர்மெய் எழுத்துக்கு ஒரு தனியிடம் இல்லை. மெய்யின் அகரமேறிய வடிவம் ஒரு குறி, அதன்மேல் வரும் உயிர்க்குறி மற்றொன்று, புள்ளியும் வேறொன்று. ஆகவே முதற்சொல் ஏழு குறிகளாகவும் இரண்டாவது எட்டுக் குறிகளாகவும் யந்திரத்துக்குத் தோன்றும். அவற்றுள் ஆறு பொதுவாதலால், 'க' வை நீக்கிவிட்டு, ஆகாரக் காலையும் 'ள' வையும் சேர்த்தால் போதுமென அது முடிவுசெய்யும். தமிழிலக்கணம் எழுத்தென வகுத்தது வேறு, யந்திரம் எழுத்தெனக் கொள்வது வேறு.

இவ்வேறுபாடு இயற்கையாக வந்ததன்று. ஒருங்குறியின் தமிழ்ப் பகுதி, இந்திய மொழிகள் யாவற்றையும் ஒரே சட்டகத்தில் அடக்கும்பொருட்டு இந்தியாவில் 1988 இலே வகுக்கப்பட்ட நியமத்தைத் தழுவியது. ஏனைய மொழிகளோடு சமாந்தரமாக அமைந்த 128 இடங்களுள் தமிழும் வைக்கப்பட்டது. அலகைத் தீர்மானித்தது நிறுவனம் சார்ந்த வரலாறேயன்றி மொழியின் அமைப்பன்று.

இதனால் விளையும் சிக்கல்கள் வெறும் கோட்பாட்டளவின அல்ல. 'கொ' என்பதை ஒரே உயிர்க்குறியாகவும் எழுதலாம். எகரக் கொம்பு, கால் என்னும் இரு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஒருங்குறி நியமமும் அவற்றை நிகரானவையாகவே கொள்கின்றது. ஒப்பீட்டு நூலகமோ, முன்கூட்டியே சீராக்கப்படாத பிரதிகளாயின், அவற்றை வேறெனக் காட்டும். 'கௌ' என்ற எழுத்தைக் 'கெ', 'ள' என இரண்டாகத் தட்டெழுதும் வழக்கமும் பரவலாக உள்ளது. பாடபேதமே இல்லாதவிடத்துப் பாடபேதம் தோன்றி, ஆய்வாளரின் உழைப்பை வீணாக்கும்.

எதிர்மறையான நிலையும் உண்டு. 'கல்வி', 'கலவி' என்னும் சொற்களுக்கிடையில் யந்திரம் காண்பது ஒரு புள்ளியின் நீக்கம் மாத்திரமே. திருத்தங்களுள் இதனினும் சிறியது இருக்கமுடியாது. பொருளிலோ இரண்டும் வெவ்வேறு உலகங்கள். ஏட்டுச் சுவடிகளிலே புள்ளியிடும் வழக்கம் பெரும்பாலும் இல்லாமையால் இவ்விரு சொற்களும் ஒரே வடிவில் எழுதப்பட்டன என்பதையும் இங்கே நினைவுகூர்தல் தகும். ஏட்டை வாசித்தவர் இடம்நோக்கிப் பொருள் கொண்டார். அச்சுப்பதிப்பிலே ஒருவர் 'கல்வி' என்றும் மற்றொருவர் 'கலவி' என்றும் கொண்டிருப்பின், அது பிரதியின் வேறுபாடன்று, வாசிப்பின் வேறுபாடு. யந்திரத்துக்கு இந்த வரலாறு தெரியாது.

இன்னுமொன்று. ஒப்பீட்டு நூலகத்துக்கு நீக்கலும் சேர்த்தலும் உண்டு, இடமாற்றம் இல்லை. திருக்குறளின் அதிகாரங்களுள் குறள்களின் வைப்புமுறை மணக்குடவர் உரையிலும் பரிமேலழகர் உரையிலும் பல இடங்களில் வேறுபடுகின்றது. இவ்விரு மூலங்களையும் நேராக ஒப்பிட்டால், ஓரிடத்தில் ஒரு குறள் நீக்கப்பட்டதாகவும் மற்றோரிடத்தில் அதே குறள் புதிதாகச் சேர்க்கப்பட்டதாகவும் விடை வரும். உரையாசிரியரின் கருத்துநிலையை வெளிப்படுத்தவல்ல வைப்புமுறை, வெறும் அழிப்பும் புகுத்தலுமாகச் சிதைந்துபோகின்றது.

5. அளவும் பண்பும்

இக்குறைபாடுகள் யாவற்றுக்கும் அடியில் ஒரே நிலைப்பாடு உள்ளது. ஒப்பீட்டு முறை ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரே விலையை இடுகின்றது. புள்ளி விடுபட்டதும், அச்சுப்பிழையும், கருத்தை மாற்றவென்றே செய்யப்பட்ட திருத்தமும் எண்ணிக்கையில் ஒன்றாகவே கணிக்கப்படுகின்றன. பண்பால் வேறுபட்ட உழைப்புக்களைப் பரிவர்த்தனைப் பெறுமதி ஒரே அளவாகச் சுருக்குவதை இது ஓரளவுக்கு நினைவூட்டுகின்றது. அச்சுருக்கம் இல்லாவிடிற் கணக்கு இல்லை. கணக்கு இல்லாவிடில் வேகமும் இல்லை. எனவே அதனைக் குற்றமெனத் தள்ளிவிடுதல் பொருந்தாது. அதனை முழு உண்மையெனக் கொள்ளுதலே தவறு.

நூலகத்தை ஆக்கியோரும் இதனை உணர்ந்தே இருந்தனர். கணக்களவில் மிகச் சிறிய விடை பல வேளைகளில் மனிதருக்கு வாசிக்க இயலாததாக அமையும். முற்றிலும் வேறான இரு சொற்களிலே தற்செயலாக ஒத்துவந்த ஓரெழுத்தை யந்திரம் விடாது பற்றிக்கொள்வதே இதற்குக் காரணம். ஆதலால், இருபுறத்து மாற்றங்களினும் பெரிதல்லாத பொதுத்துண்டுகளையும் மாற்றத்துக்குள்ளேயே அடக்கி, மாற்றத்தின் எல்லைகளை இயன்றவரை சொல்லெல்லைக்கு நகர்த்தும் செயன்முறையொன்று பின்னர் சேர்க்கப்பட்டுள்ளது. மிகச் சிறிய விடையே மிகச் சரியான விடை என்ற எடுகோளை நடைமுறையே மறுத்துவிட்டதெனலாம்.

பிரதிகளின் உறவை நிறுவுவதில் இவ்வுண்மை மேலும் தெளிவாகும். ஜெர்மானிய அறிஞர் லாக்மனின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் மூலபாட ஆய்வுமுறையில், பிரதிகளின் மரபுவழியைக் காட்டுவது ஒற்றுமைகளின் தொகையன்று. இரு பிரதிகள் பகிர்ந்துகொள்ளும் பிழையே ஆகும். சரியான பாடம் எல்லா வழிகளிலும் வரலாம். ஒரே பிழை இரு ஏடுகளில் வரின் அவை ஒரே மூலத்திலிருந்து பெயர்த்தெழுதப்பட்டிருத்தல் கூடும். எது பிழை என்பதை மொழியறிவும் வரலாற்றறிவுமே கூறவல்லன. எது முந்தியது, எது பிந்தியது என்பதையும் டிஃப் கூறாது. வலமிடம் மாற்றிவைத்தால் சேர்த்தல் நீக்கலாகும், அவ்வளவே.

6. முடிவுரை

கணினியின் வேகத்தைக் கண்டு ஆய்வாளர் இனித் தேவையில்லை என்போரும், யந்திரம் இலக்கியத்தை அறியாது என்று அதனை முற்றாக ஒதுக்குவோரும் நம்மிடையே உளர். இரு நிலைப்பாடுகளும் கருவியை அதன் வரலாற்றிலிருந்து பிரித்துக் காண்பதன் விளைவுகளே. ஏடுகளை ஒப்புநோக்கிக் கண்ணொளி இழந்த தலைமுறைகளின் உழைப்பை அறிந்தோர், அவ்வுழைப்பின் சலிப்பூட்டும் பகுதியை யந்திரத்திடம் ஒப்படைப்பதற்குத் தயங்கவேண்டியதில்லை.

ஆனால் ஒப்படைக்குமுன் செய்யவேண்டியன சில உள. பிரதிகளின் ஒருங்குறி வடிவத்தைச் சீராக்குதல் முதலாவது. குறிகளையன்றித் தமிழ் எழுத்தையும், தேவைக்கேற்பச் சீரையும் அடியையும் அலகாகக் கொள்ளத்தக்கவாறு ஒப்பீட்டு நிரல்களை அமைத்தல் இரண்டாவது. நூலகத்தின் மூலநிரல் வெளிப்படையாயிருப்பதால் இது அரிய செயலன்று. தமிழ்த்துறையும் கணினித்துறையும் கூடிச் செய்யத்தக்க பணி இது. மதுரைத் திட்டம் 1998 இலிருந்தும், நூலகம் திட்டம் 2005 இலிருந்தும் தன்னார்வ உழைப்பால் தமிழ் நூல்களைக் கட்டணமின்றி வழங்கிவந்துள்ளன. அவ்வாறு பொதுவிற் கிடைக்கும் பிரதிகளே ஒப்பீட்டாய்வுக்கு அடித்தளமாகும்.

ஒப்பீட்டுக்கு இரு பிரதிகள் வேண்டும் என்பது எளிய உண்மை. 1981 இலே யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன; அவற்றோடு ஏட்டுச் சுவடிகளும் எரிந்தன. வேறெங்கும் படியில்லாத ஏடு சாம்பலானபின் அதனோடு எதனையும் ஒப்பிடுவதற்கில்லை. எத்துணை விரைவான நிரலும் அங்கே பயனற்றது. ஆகவே பிரதிகளைப் பெருக்குவதும், அவற்றை ஒருவர் கையிலன்றிப் பலர் கையில் இருக்கச்செய்வதும், அவற்றை ஒப்பிடும் கருவியை நமது மொழியின் அலகுகளுக்கு இயைய ஆக்கிக்கொள்வதும் ஒரே பணியின் மூன்று கூறுகளாகும். இவற்றுள் முதலிரண்டும் நிறைவேறாதவிடத்து மூன்றாவதைப் பற்றிப் பேசுவதிற் பயனில்லை.